ஒரு கப் மைதா எத்தனை கிராம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் என் வீட்டுச் சமையலறையில் கேக்கும் பிஸ்கட்டும் ரொட்டியும் சுடக் கற்றுத்தருகிறேன். கார்த்திகை பிறந்துவிட்டால் கிறிஸ்துமஸ் கேக்குக்காகத் தொலைபேசி ஓயாது. நலம் விசாரித்து முடிப்பதற்குள் கேள்வி வந்துவிடும்: "குறிப்பில் கப் என்று போட்டிருக்கிறது, கிராமில் எவ்வளவு?" ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதிவைக்கிறேன். வேறு அளவைக் குறிப்பிடாத இடங்களில் கப் என்பது 240 மில்லி பிடிக்கும் கப் என்று கொள்ளவும்.

சரி, ஒரு கப் மைதா எத்தனை கிராம்?

120 முதல் 125 வரை. ஆனால் அதை யார், எப்படி அளந்தார்கள் என்று கேட்க வேண்டும்.

சென்ற வாரம் வகுப்பில் மூன்று பேரிடம் ஒரே கப்பையும் ஒரே டப்பா மைதாவையும் கொடுத்து அளக்கச் சொன்னேன். முதலாமவர் மாவைச் சலித்து, கரண்டியால் தூவி நிரப்பி, கத்தியின் முதுகால் தலைதட்டினார். தராசு 113 காட்டியது. இரண்டாமவர் சலிக்காமல் கரண்டியால் அள்ளிப்போட்டுத் தலைதட்டினார். 124. மூன்றாமவர் கப்பையே டப்பாவுக்குள் விட்டு அள்ளி, மேடையில் இரண்டு தட்டுத் தட்டி, இறங்கிய இடத்தில் இன்னும் கொஞ்சம் போட்டு நிரவினார். 156! மூன்றுமே "ஒரு கப்" தான்.

மூன்றாமவரைக் குறை சொல்ல முடியாது. அரிசியைக் குலுக்கி அளந்து பழகிய கை அது. அரிசியைக் குலுக்கினால் கொஞ்சம்தான் இறங்கும். மாவு அப்படி இல்லை. துகள்களுக்கு நடுவே நிறையக் காற்று இருக்கிறது. தட்டினால் காற்று வெளியேறி மாவு அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு கப் மைதா கேட்கும் கேக்கில் முதலாமவருக்கும் மூன்றாமவருக்கும் 86 கிராம் வித்தியாசம் வந்துவிடும். ஒருவர் வீட்டில் பஞ்சுபோல் எழுந்த கேக் இன்னொருவர் வீட்டில் தொண்டையை அடைப்பது இதனால்தான். "உங்கள் குறிப்பு சரியில்லை" என்று எனக்கு வரும் புகார்களில் பாதி இந்த வகை.

இணையத்தில் ஒரு பக்கம் 120 என்கிறது, இன்னொரு பக்கம் 140, 150 என்கிறது. எதை நம்புவது?

எல்லாமே அவரவர் அளந்த முறைக்குச் சரி. குறிப்பு எழுதியவர் எப்படி அளப்பார் என்று முன்னுரையிலோ அடிக்குறிப்பிலோ சொல்லியிருக்கிறாரா என்று தேடுங்கள். சொல்லியிருந்தால் அவர் கணக்கைப் பின்பற்றுங்கள். சொல்லாவிட்டால் 125 போட்டுத் தொடங்குங்கள். கலவை மிகவும் நீர்த்திருந்தால் ஒரு கரண்டி மாவு சேர்த்துக்கொள்ளலாம்; கூடிப்போன மாவைத் திரும்ப எடுக்க வழியில்லை.

கப் என்பது எல்லா நாட்டிலும் ஒன்றுதானே?

இல்லை. அமெரிக்க வீட்டுக் கப் 237 மில்லி. அங்கே உணவுப் பொட்டல லேபிள்களுக்கு வைத்திருக்கும் கப் 240. ஆஸ்திரேலியாவில் 250. ஜப்பானில் சமையல் கப் 200. ரைஸ் குக்கரோடு வரும் சின்னக் கப் 180. நம் வீட்டு எவர்சில்வர் தம்ளருக்கோ கணக்கே கிடையாது. ஆஸ்திரேலியாவில் மேசைக்கரண்டியும் 20 மில்லி. மற்ற இடங்களில் பெரும்பாலும் 15.

கடையில் வாங்கிய பிளாஸ்டிக் கப்பையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். என்னிடம் இருந்த ஒரு செட்டில் 240 என்று அச்சிட்டிருந்தது. விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி எடை போட்டால் 226 கிராம்தான். ஒரு டிசம்பர் முழுக்க அதை வைத்துக் கேக் செய்துவிட்டு ஓவனைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

எந்தக் கப்பாக இருந்தால் என்ன? எல்லாவற்றையும் அதே கப்பில் அளந்தால் விகிதம் மாறாதே?

நல்ல கேள்வி, பாதி சரியும்கூட. மைதா, சீனி, பால், எண்ணெய் எல்லாம் ஒரே தம்ளரில் போனால் விகிதம் அப்படியே நிற்கும். சிக்கல் முட்டையிலும் டீஸ்பூனிலும் வருகிறது. 240 மில்லிக்கு எழுதிய குறிப்பை 200 மில்லி தம்ளரில் அளந்தால் மாவும் சீனியும் ஆறில் ஐந்து பங்காகக் குறைந்துவிடும். முட்டை மட்டும் மூன்றுக்கு மூன்றாகவே போகும், பேக்கிங் பவுடரும் குறையாது. கேக்கில் முட்டை வாசம் தூக்கும், கடித்தால் ரப்பர் போல இழுக்கும். முட்டை சேராத, சோடா சேராத பண்டத்துக்குத் தாராளமாகத் தம்ளரை எடுங்கள்.

ஆச்சி தராசே இல்லாமல் அல்வா கிண்டினாரே?

என் ஆச்சியும்தான். சம்பா கோதுமையை ஊறவைத்து, ஆட்டி, பால் எடுத்து, அதே உழக்கால் சீனியும் அளந்து போடுவார். ஒரே உழக்கு என்பதால் விகிதம் தப்பாது. அதைவிட முக்கியம், அல்வா கண்முன்னே வேகிறது. இறுகினால் தீயைக் குறைக்கலாம், ஒட்டினால் நெய் விடலாம், கரண்டியில் எடுத்து உருட்டிப் பதம் பார்க்கலாம். ஒன்றரை மணி நேரம் கிண்டும்போது திருத்திக்கொள்ள எத்தனையோ தருணம்.

கேக்குக்கு அந்தச் சலுகை இல்லை. ஓவன் கதவை மூடிய பிறகு உங்கள் கைத்திறமைக்கு அங்கே வேலை கிடையாது. திருத்த வேண்டியதையெல்லாம் மேடையிலேயே, கிராமிலேயே திருத்திவிட வேண்டும். அல்வாவில் கை தேர்ந்தவர்கள்தான் முதல் கேக்கில் அதிகம் சறுக்குகிறார்கள் என்பது என் அனுபவம். "கண் அளவு போதும்" என்ற தைரியம் அவர்களுக்கு உண்டு.

அமெரிக்கர்கள் மட்டும் ஏன் கப்பை விடமாட்டேன் என்கிறார்கள்?

பழக்கம். பாஸ்டன் சமையல் பள்ளியின் தலைவியாக இருந்த ஃபேனி ஃபார்மர் 1896இல் வெளியிட்ட சமையல் நூல், கப்பையும் கரண்டியையும் தலைதட்டி அளக்க வேண்டும் என்று வலியுறுத்தியது. அதற்கு முன் "வாதுமைக்கொட்டை அளவு வெண்ணெய்" என்ற பாணியில் குறிப்புகள் இருந்ததால் அதுவே பெரிய முன்னேற்றம். தராசு வாங்க வேண்டாம், கப் போதும் என்பது வீடுகளுக்கு வசதியாகவும் இருந்தது. ஐரோப்பியக் குறிப்புகள் பெரும்பாலும் கிராமில் இருக்கும். அவை கிடைத்தால் எனக்கு நிம்மதி.

மற்ற பொருள்களுக்கு எடை சொல்லுங்களேன், குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிக்கொள்கிறேன்.

எழுதிக்கொள்ளுங்கள். எல்லாம் ஒரு கப்புக்கு, கரண்டியால் போட்டுத் தலைதட்டிய கணக்கு.

சீனி 200 கிராம். பெரிய பரலாக இருந்தால் சற்று முன்பின் ஆகும்.
பொடித்த சீனி 115 முதல் 120. சீனியில் பாதிக்குச் சற்று மேல் என்பதைக் கவனியுங்கள். "ஒரு கப் சீனிக்குப் பதில் ஒரு கப் பொடி" போட்டால் இனிப்பு அப்படிப் பாதாளத்துக்குப் போய்விடும்.
கோதுமை மாவு 120 முதல் 130.
ரவை 165 சுமார்.
கோகோ தூள் 85 முதல் 100. கட்டி தட்டும் பொருள், கப்பில் அளந்தால் ஏமாற்றும்.
வெண்ணெய் 227.
எண்ணெய், உருக்கிய நெய் 218 சுமார்.
பால் 245. தயிரும் அவ்வளவே.
தேன் 340.

பாதிக் கப், கால் கப் என்றால் வகுத்துக்கொள்ளுங்கள்.

மில்லியும் கிராமும் ஒன்று என்கிறார்களே?

தண்ணீருக்கு மட்டும். பாலுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான், மில்லிக்கு 1.03 கிராம். எண்ணெய் தண்ணீரில் மிதக்கிறது, ஆகவே குறையத்தானே வேண்டும்? ஒரு லிட்டர் எண்ணெய் உறையில் 910 கிராம் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தேன் அடியில் போய் உட்காருகிறது, மில்லிக்கு 1.4 கிராமுக்கும் மேல். மாவு, சீனிக்கு இந்தச் சமன்பாடு அறவே பொருந்தாது. "240 மில்லி கப், ஆகவே 240 கிராம் மைதா" என்று இரண்டு மடங்கு மாவு கொட்டிக் கல் போலக் கேக் சுட்டவர்கள் என் வகுப்பிலேயே இருக்கிறார்கள்.

அவுன்ஸ் என்றால் மருந்து பாட்டில் அளவுதானே?

அதில்தான் வம்பு. பால்புட்டியிலும் மருந்து பாட்டிலிலும் நாம் பார்த்த அவுன்ஸ் திரவ அளவு, ஒன்று சுமார் 30 மில்லி. ஆங்கிலக் குறிப்பில் மைதா, வெண்ணெய்க்குப் போடும் அவுன்ஸ் எடை, ஒன்று 28.35 கிராம். எண்கள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் குழப்பம் கூடுகிறது. "8 அவுன்ஸ் மைதா" என்றால் 227 கிராம். ஏறத்தாழ இரண்டு கப். 8 அவுன்ஸ் கோடு வரை பாட்டிலில் நிரப்பினால் ஒரு கப்தான் வரும், மாவு பாதியாகிவிடும்.

அமெரிக்கக் குறிப்பில் "ஒரு ஸ்டிக் வெண்ணெய்" என்றால்?

113 கிராம். நம் 100 கிராம் கட்டியோடு ஒரு மேசைக்கரண்டி சேர்த்தால் சரியாகிவிடும். வெண்ணெயைக் கப்பில் அமுக்கி அளக்க முயல வேண்டாம். அடியில் காற்று தங்கும், கையெல்லாம் பிசுக்காகும். உப்பு போட்ட வெண்ணெயா போடாததா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சீனிக்குப் பதில் கருப்பட்டி போடலாமா? ஒரு கப்புக்கு எவ்வளவு?

போடலாம், அருமையாக இருக்கும். கப்பை மட்டும் மறந்துவிடுங்கள். உடன்குடியிலிருந்து வரும் கருப்பட்டியைத் தட்டினால் ஒரு பக்கம் தூள், ஒரு பக்கம் கொட்டைப்பாக்கு அளவுச் சில்லு. சில்லுகளுக்கு இடையே எவ்வளவு வெற்றிடம் என்று யார் கணக்குப் பார்ப்பது? 200 கிராம் சீனி கேட்டால் 200 கிராம் கருப்பட்டியை எடைபோட்டு எடுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. மண், தும்பு போகக் கரைத்து வடிகட்டுவோம். சேர்த்த தண்ணீரைக் குறிப்பிலுள்ள பாலில் கழித்துவிட வேண்டும். காலிப் பாத்திரத்தின் எடையை முதலிலேயே குறித்துவைத்தால் வேலை எளிது. பாகோடு எடைபோட்டு, பாத்திரத்தையும் 200 கிராம் கருப்பட்டியையும் கழித்தால் மீதி தண்ணீர்தான். இரண்டாவது, கருப்பட்டி ஈரத்தை இழுக்கும். ஐப்பசி மழையில் திறந்து கிடந்த கட்டியும் சித்திரை வெயிலில் வாங்கிய கட்டியும் ஒரே எடையில் ஒரே இனிப்பைத் தராது. நான் மழைக்காலத்தில் பத்து கிராம் கூட்டிப் போடுகிறேன்.

தூத்துக்குடி மக்ரூன் வீட்டில் செய்தால் சப்பையாகிவிடுகிறது. அளவுதான் காரணமா?

பல நேரம் அதுவே. மக்ரூனில் இருப்பது மூன்றே பொருள்: முட்டை வெள்ளைக்கரு, சீனி, முந்திரி. ஒன்று பிசகினால் மறைக்க வேறு எதுவும் இல்லை. "ஒரு கப் முந்திரி" என்று குறிப்பு சொன்னால் முழு முந்திரியா, பொடித்ததா? முழு முந்திரி கப்புக்கு 130, 140 கிராம் நிற்கும். பொடி 100, 110 தான். எடையில் சொன்னால் இந்தத் தகராறே கிடையாது. 150 கிராம் முந்திரியைப் பொடித்தாலும் 150 கிராம்தான், மிக்சியில் ஒட்டியதைத் தவிர.

நான் வீட்டில் போடும் கணக்கு: வெள்ளைக்கரு 100 கிராம், சீனி 200 கிராம், முந்திரிப் பொடி 180 கிராம். வெள்ளைக்கரு கெட்டியாக நுரைத்து, பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் விழாமல் நின்ற பிறகு முந்திரியைத் தூவி மெதுவாகச் சேர்க்க வேண்டும். கிண்டினால் நுரை அமிழ்ந்துவிடும். மழை பெய்யும் நாளில் மக்ரூனில் கை வைக்காதீர்கள். அதற்குத் தராசு உதவாது.

முட்டையையுமா எடைபோட வேண்டும்?

ஆம், அதையே மறந்துவிடுகிறோம். அமெரிக்கக் குறிப்பில் வரும் "பெரிய முட்டை" ஓட்டோடு 57 கிராம், உடைத்தால் 50. அதில் வெள்ளைக்கரு 30 முதல் 33, மஞ்சள் 18 சுமார். நம் கடை முட்டை பெரும்பாலும் அதைவிடச் சிறியது. நாட்டுக்கோழி முட்டை இன்னும் சிறியது. நான்கு முட்டை என்றால் 200 கிராம். உடைத்துப் பாத்திரத்தில் ஊற்றிப் பாருங்கள். 175தான் வந்தால் இன்னொன்றை அடித்துப் பாதியை விடுங்கள்.

குறிப்பே வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு பழைய வழி இருக்கிறது. நான்கு முட்டையை ஓட்டோடு நிறுங்கள். அதே எடைக்கு வெண்ணெய், அதே எடைக்குச் சீனி, அதே எடைக்கு மைதா. ஆங்கிலேயர்களின் பவுண்டு கேக்கின் கணக்கு இதுதான். நான்கும் ஒவ்வொரு பவுண்டு, அதாவது 454 கிராம். முட்டை சிறியதானால் கேக் சிறியதாகும், அவ்வளவுதான்.

வாழைப்பழக் கேக்குக்கு "மூன்று பழம்" என்கிறார்களே, எந்தப் பழம்?

நம் ஊரில் கேட்க வேண்டிய கேள்விதான்! அந்தக் குறிப்பை எழுதியவர் ஊரில் ஒரே வகைப் பழம். தோல் நீக்கினால் ஒன்று 118 கிராம் சுமார். நமக்கு நாட்டுப் பழம் இரண்டு வாய்க்குக் காணாது, ஏத்தன் ஒன்றே இரண்டு பேருக்குப் போதும். தோலுரித்து 350 கிராம் எடுங்கள். எந்தப் பழமானாலும் கருத்துக் கனிந்திருக்க வேண்டும். ஏத்தனில் மாவுச்சத்து அதிகம், கலவை இறுகினால் இரண்டு கரண்டி பால் விடலாம்.

சோடா, உப்பு, ஈஸ்ட் எல்லாம்?

இங்கே கட்சி மாறுகிறேன்: கரண்டிதான் மேல். சமையலறைத் தராசு பெரும்பாலும் ஒரு கிராம் படியாகக் காட்டும். மூன்று கிராம் ஈஸ்ட்டில் ஒரு கிராம் தவறினால் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. தலைதட்டிய ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர் 4 கிராம், சோடா 5, உடனடி ஈஸ்ட் 3, பொடி உப்பு 6 என்று நினைவில் வைத்தால் போதும். கல் உப்பைக் கரண்டியில் அளக்காதீர்கள், நசுக்கிப் பொடியாக்கிய பின் அளக்கவும்.

வீட்டு உழக்கு எத்தனை மில்லி என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தராசில் உழக்கை வைத்து எடையைப் பூஜ்யமாக்குங்கள். விளிம்பு வரை தண்ணீர் ஊற்றுங்கள். காட்டும் கிராமே மில்லி. படியில் கால் பங்கு உழக்கு, எட்டில் ஒரு பங்கு ஆழாக்கு என்று பாடம் படித்திருப்போம், ஆனால் படியே ஊருக்கு ஊர் வேறு. எங்கள் உழக்கு 412 பிடித்தது. மைனி அம்பாசமுத்திரத்திலிருந்து கொண்டுவந்தது 370. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியவே தெரியாது.

எந்தத் தராசு வாங்கலாம்? அது சரியாகக் காட்டுகிறதா என்று எப்படித் தெரியும்?

5 கிலோ வரை, ஒரு கிராம் படியாகக் காட்டும் மின்னணுத் தராசு போதும். பாத்திரத்தின் எடையைக் கழிக்கும் பொத்தான் கட்டாயம் இருக்க வேண்டும். ஒரே பாத்திரத்தில் மாவு, பூஜ்யம், சீனி, பூஜ்யம், பால் என்று போய்க்கொண்டே இருக்கலாம், கழுவும் பாத்திரம் குறையும். சமமான மேடையில் வையுங்கள். பேட்டரி சோர்ந்தால் எண் தள்ளாடும்.

சோதிக்க பத்து ரூபாய் நாணயங்கள் பத்து எடுத்து வையுங்கள். ஒன்று 7.71 கிராம், பத்தும் சேர்ந்து 77 காட்ட வேண்டும். பெரிய எடைக்கு அரை லிட்டர் பால் உறை. 515 கிராமும் உறைக்கு இரண்டு மூன்று கிராமும் வரும்.

கிராமில் சரியாகப் போட்டும் சப்பாத்தி மாவு ரொட்டி இறுகிப்போகிறது. ஏன்?

எடை எல்லாவற்றையும் தீர்க்காது. மில்லில் அரைத்த கோதுமை மாவில் தவிடு உண்டு, மைதாவைவிட அதிகத் தண்ணீர் குடிக்கும். 100 கிராம் மைதாவுக்கு 60, 65 கிராம் தண்ணீர் போதும் என்றால் இதற்கு 70க்கு மேலும் கேட்கும். முதல்முறை தண்ணீரை எடைபோட்டு வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். கடைசியில் எவ்வளவு மிஞ்சியது என்று பார்த்தால் உங்கள் மாவின் கணக்கு கிடைத்துவிடும்.

8 அங்குலத் தட்டுக்கு உள்ள குறிப்பை 6 அங்குலத்தில் செய்ய?

எல்லா எடையையும் 0.56ஆல் பெருக்குங்கள். பாதிக்குச் சற்று மேல். முட்டையும் எடையில் இருந்தால் இதில் சிரமமே இல்லை.

பழைய நோட்டில் சேர், பலம் என்று எழுதியிருக்கிறது. அதை என்ன செய்வது?

பத்திரமாக வையுங்கள், முதலில். மெட்ரிக் முறைக்கான சட்டம் 1956இல் வந்தது. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் வீடுகளில் பழைய கணக்கே ஓடியது. சென்னை மாகாணக் கணக்கில் ஒரு பலம் 3 தோலா, 35 கிராம். 8 பலம் ஒரு சேர், 280 கிராம். 5 சேர் ஒரு வீசை, 1 கிலோ 400. வட இந்தியப் புத்தகங்களில் வரும் சேர் 80 தோலா, 933 கிராம். அதை இதோடு குழப்பினால் கேக்குக்குப் பதில் கல்யாணச் சமையல் ஆகிவிடும்.

என் ஆச்சியின் நோட்டில் கிறிஸ்துமஸ் கேக்குக்கு மைதா 1 சேர், சீனி 6 பலம், வெண்ணெய் 6 பலம் என்று இருக்கிறது. 280, 210, 210. மணல் பரப்பிய சட்டியில் சுட்ட கேக் அது. நான் ஓவனில் சுட்டுப் பார்த்தேன், ஒரு கிராம்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை. முட்டைக்கு நேராக 5 என்று எழுதி, பக்கத்திலேயே வேறு மையில், "சின்னதென்றால் 6" என்று சேர்த்திருக்கிறார்.